ராயபுரத்து மாருதியும் லிட்டர் கணக்கும்

சிறிய கார் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வண்டி இருக்கும் நிலை, ஓட்டுகிறவரின் கால், போய்வரும் சுற்று. முதல் இரண்டைப் பற்றி ஒர்க்‌ஷாப்பிலும் பெட்ரோல் பங்க்கிலும் எல்லோரும் பேசுவார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் திருப்பூர் போன்ற ஊரில் பெட்ரோல் காசு அதிகம் போவதும் அதிகம் மிச்சமாவதும் அங்கேதான். 1990-களில் திருப்பூர் ராயபுரத்தில், கீழே கம்பெனியும் மேலே வீடுமாக இருந்த ஒரு கட்டடத்தின் வாசலில் நின்ற வெள்ளை மாருதி 800 இதற்கு நல்ல சாட்சி.

மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில். 796 சி.சி. இன்ஜின், மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை, 12 அங்குலச் சக்கரம். அதற்கு முன் ஊரில் ஓடியவை அம்பாசிடர், பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை. அம்பாசிடரின் எடை ஒரு டன்னுக்கு மேல். மாருதி ஏறக்குறைய 650 கிலோதான். எடை குறைந்ததாலேயே பெட்ரோல் செலவும் குறைந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் கச்சா எண்ணெய் விலை ஏறியது. அந்த ஆண்டே இந்தியாவில் பெட்ரோல் விலையும் ஏறியது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டதும் அதே 1990-இல்தான். பனியன் தொழில் வளர்ந்து வீட்டுக்கு முதல் கார் வந்த காலமும், பெட்ரோலை எண்ணிச் செலவழிக்க வேண்டிய காலமும் ராயபுரத்தில் ஒன்றாகவே வந்தன. "வண்டி என்னங்க குடுக்குது?" என்று ஒருவர் கேட்டால் மைலேஜைத்தான் கேட்கிறார் என்று அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த மாருதிக்கு வேலை ஓயாது. நிட்டிங்குக்கு நூல் கோன், சாயப்பட்டறைக்கு கலர் பார்க்கும் துண்டுத் துணி, பிரிண்டிங்குக்கு டிசைன், பையிங் ஆபீசுக்கு சாம்பிள் பீஸ், இடையில் பேங்க், மாலையில் வீட்டுக் காய்கறி. பெரும்பாலும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் முடியும் சின்னச் சின்ன ஓட்டம். எப்போதாவது வெளிநாட்டு பையரை அழைத்துவர அவிநாசி வழியாகக் கோவை விமான நிலையம் வரை ஓர் ஓட்டம். இந்த இரண்டு ஓட்டத்துக்கும் மைலேஜ் ஒன்றாக இருக்காது. ஊருக்குள் லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, கோவை ரோட்டில் 18-ஐத் தாண்டும்.

மைலேஜைக் கூட்ட வேண்டுமானால் முதல் வேலை அளப்பது. டேங்க்கை பங்க்கின் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்க்கில், கூடுமானால் அதே குழாயில், அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். 200 ரூபாய்க்கும் 300 ரூபாய்க்கும் போட்டுவிட்டு முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் கணக்காகாது. அந்த வீட்டில் கூலிக் கணக்கு எழுதும் நீள நோட்டின் பின்பக்கத்திலேயே காருக்கும் கோடு போட்டிருந்தார்கள்: தேதி, கிலோமீட்டர், லிட்டர், தொகை, கடைசியில் ஒரு கட்டம் குறிப்புக்கு. "பிளக் மாற்றியது", "பழநி போய்வந்தது", "மழை" என்று அந்தக் கட்டத்தில் இருந்த ஓரிரு சொற்கள்தான் பிறகு பயன்பட்டன. எண் ஏன் இறங்கியது என்று சொல்லியவை அவையே. ஒரு டேங்க் கணக்கை வைத்து முடிவுக்கு வரக் கூடாது; மூன்று நான்கு டேங்க்கின் சராசரிதான் நம்பத் தகுந்தது. டயரின் அளவை மாற்றினால் ஓடோமீட்டர் காட்டும் தூரமே மாறிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அளந்த பிறகு, பெட்ரோல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஊருக்குள் ஓடும் பெட்ரோல் காரில், எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சேர்கிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. ஒரு பகுதி இன்ஜினின் உள் உராய்வில் தீர்கிறது. சக்கரத்துக்கு வந்த அந்தச் சிறு பங்கும் மூன்று இடங்களில் செலவாகிறது. டயர் உருள்வதற்கு ஒரு பகுதி. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு ஒரு பகுதி. பிரேக் போட்டு நிறுத்திய வண்டியை மறுபடி வேகத்துக்குக் கொண்டுவர ஒரு பகுதி. ஊருக்குள் மூன்றாவது செலவு பெரிது. நெடுஞ்சாலையில் இரண்டாவது பெரிது. எந்தச் செலவு எங்கே என்று தெரிந்தால் எதைத் திருத்துவது என்பதும் தெரியும்.

முதலில் டயர். காற்று குறைந்த டயர் தரையில் அதிகம் அமுங்கி உருள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் மடங்கி நிமிர்வதில் ஆற்றல் வெப்பமாகிறது. நாலு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் ஏறக்குறைய 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ. குறைந்த டயரோடு மாதக்கணக்கில் ஓடும் கார்கள் ஏராளம். நல்ல டயரில்கூட மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. தானாக இறங்கும். ராயபுரத்து மாருதிக்குக் காற்றடித்தது தெருமுனை டயர் கடைக்காரர். காற்றடித்து முடித்ததும் விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைப்பார். குமிழி வந்தால் வால்வு கசிகிறது. உள்ளே இருக்கும் பின்னை மாற்றிவிட்டுத்தான் மூடியைப் போடுவார். கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. வெயிலில் ஓடி வந்த டயரில் அளந்தால் கேஜ் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைவாக நிற்கும். காலையில் வண்டி எடுத்தவுடன் அளப்பதே சரி. அளவுக்கு மேல் அடிப்பதும் கூடாது. மைலேஜ் சிறிது கூடினாலும், ஈரச் சாலையில் பிடிமானம் குறையும். டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும்.

அடுத்தது இன்ஜின். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலும் காற்றும் சேரும் விகிதம் கைவேலையைப் பொறுத்தது. ஏர் பில்டர் அடைத்திருந்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்த கலவை போகும். பனியன் தெருக்களில் இந்தச் சிக்கல் சீக்கிரமே வரும். கட்டிங், ஓவர்லாக் வேலையில் பறக்கும் பஞ்சுத் தூசி தெருவிலும் மிதக்கும்; கம்பெனி வாசலிலேயே நிற்கும் காரின் பில்டரில் மண்ணோடு அந்தப் பஞ்சும் மெல்லிய படலமாகப் படியும். அதனால் புத்தகம் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பாகவே பில்டரைத் திறந்து பார்க்கும் வழக்கம் அங்கே இருந்தது.

இன்ஜினின் உள்நிலையைத் திறக்காமலே காட்டுவது ஸ்பார்க் பிளக். வண்டி ஓடி வந்து சற்று ஆறியதும் மேஸ்திரி மூன்று பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று மாறாதபடி வரிசையாகப் பழைய பனியன் துணியின் மேல் வைப்பார். நுனி இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. வறண்ட கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் சூடாகும். எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். "கருப்பா இருந்தா காசு புகையாப் போகுதுங்க முதலாளி" என்பது அவர் சொல்லும் தீர்ப்பு. பிறகு கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, தகட்டு கேஜ் வைத்து இடைவெளி பார்த்து, கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, காதால் கேட்டுச் சரிசெய்வார். புகைச் சோதனை இயந்திரம் வந்த பிறகு அந்தக் காதுக்கு ஓர் எண்ணும் துணையானது. பழைய பெட்ரோல் கார்களுக்கு, ஐடிலில் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. கார்பன் மோனாக்சைடு என்பது முழுதாக எரியாத எரிபொருள். அது குறைந்தால் ஊருக்கும் நல்லது, வண்டிக்காரருக்கும் லாபம்.

சோக் தனியாகக் கவனிக்க வேண்டியது. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சோக் குமிழை இழுத்தால் பெட்ரோல் மிகுந்த கலவை போகும். வண்டி சீராக ஓடத் தொடங்கியதும் அதை உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் ஓட்டினால் வண்டி ஓடும். ஆனால் பெட்ரோல் தாறுமாறாகக் குடிக்கும், பிளக் கருக்கும், சிலிண்டர் சுவரைக் கழுவி இறங்கும் பெட்ரோல் இன்ஜின் ஆயிலையும் நீர்க்க வைக்கும்.

பிரேக் இறுகி உரசினால் எவ்வளவு நல்ல இன்ஜினும் வீண். கண்டுபிடிக்கும் முறை எளிது. சிறிது தூரம் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலாக இருக்கும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடாமல் இருப்பதும் மழைக்காலத்தில் அடிக்கடி நேரும். வீல் அலைன்மென்ட் கோணினால் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடும். டயர் ஓரம் தேய்வதே அதற்கு அடையாளம்.

சிறிய காரில் எடையின் கணக்கு கடுமையானது. கூடுதலாக 45 கிலோ ஏற்றினால் சராசரிக் காரின் மைலேஜ் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். 650 கிலோ வண்டியில் அந்த இழப்பு இன்னும் கூடும். டிக்கியில் மறந்துபோன நூல் கோன், திருப்பி அனுப்பப்பட்ட பீஸ் கட்டு, பழைய பில் புத்தக மூட்டை எல்லாம் தினமும் பெட்ரோல் செலவில் ஊர் சுற்றியவையே. சனிக்கிழமை சம்பளம் பட்டுவாடா ஆனதும் டிக்கியைக் காலி செய்து கூட்டிவிடும் பழக்கம் அந்த வீட்டில் நின்று நிலைத்தது. கூரைக் கேரியரும் வேண்டும்போது மட்டும் மாட்டப்பட்டது. அது எடையைக் கூட்டுவதோடு காற்றுத் தடையையும் கூட்டும்.

இனி ஓட்டும் கால். ஆக்சிலரேட்டரை வேகமாக மிதித்து, அடுத்த ஐம்பது அடியில் பிரேக் போடுகிறவர் வாங்கிய பெட்ரோலை பிரேக் டிரம்மில் சூடாக்கி வீணாக்குகிறார். ஆவேசமாக ஓட்டினால் நெரிசலில் பத்து முதல் நாற்பது சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று அமெரிக்க அரசின் வழிகாட்டல் சொல்கிறது. வண்டியின் பாகத்தை மாற்றி இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காண்பது அரிது. குமரன் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் முன்னே போகும் பஸ்ஸின் பிரேக் விளக்கைப் பார்க்காமல், அதற்கும் முன்னே சாலை எப்படி இருக்கிறது என்று பார்த்து முன்கூட்டியே காலை எடுப்பவருக்கு பிரேக் வேலை பாதியாகும். கியரை இன்ஜின் திணறாத அளவுக்குச் சீக்கிரம் மேலே மாற்ற வேண்டும். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டக் கூடாது.

நெடுஞ்சாலையில் வேகமே எல்லாம். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80-க்குப் போனால் தடை ஏறக்குறைய 1.8 மடங்கு; 90-க்குப் போனால் 2.25 மடங்கு. 1978 முதல் இயங்கும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைச் சிக்கனமான வேகமாகப் பரிந்துரைத்தது. இருவழிச் சாலையாக இருந்த காலத்தில் அவிநாசி – கோவை ஓட்டத்தில் லாரிகளே அந்த வேகத்துக்குள் காரைக் கட்டிவைத்தன. சாலை அகலமானதும் எல்லோர் வேகமும் கூடியது; பழைய மாருதியின் மைலேஜ் அந்த ரோட்டில் இறங்கியது. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

நிற்கும் வண்டியும் பெட்ரோல் குடிக்கும். இவ்வளவு சிறிய இன்ஜின் சும்மா ஓடினால் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் போகும். பத்து நிமிடம் நின்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய பெட்ரோல் காலி. ரயில்வே கேட்டில், ஷிப்ட் விடும் நேரத்து நெரிசலில், சாயப்பட்டறை வாசலில் "ரெண்டே நிமிஷமுங்க" என்று காத்திருக்கையில் சாவியைத் திருப்பி அணைப்பதே நியாயம். ஆனால் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டும் பழைய வழக்கத்தை அறவே விட வேண்டும். பூஸ்டர் உள்ள பிரேக்குக்கு இன்ஜின் ஓடினால்தான் பலம். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள பிற்கால வண்டிகளில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தாலே எரிபொருள் தானாக நின்றுவிடும். அங்கே நியூட்ரலால் லாபமும் இல்லை.

ஏசி சிறிய இன்ஜினுக்குப் பெரிய சுமை. வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டி, உள்ளே அடைந்த வெக்கையை வெளியேற்றிய பிறகு ஏசி போட்டால் அதன் வேலை குறையும். நிழலில் நிறுத்துவது அதைவிட நல்லது.

பெட்ரோலின் தரமும் கணக்கில் வரும். ரேஷன் மண்ணெண்ணெய் பெட்ரோலில் கலக்கப்பட்ட காலத்தில், காரணம் தெரியாமல் மைலேஜ் இறங்குவது சாதாரணம். பில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டால் சுத்தமான பெட்ரோல் கறை விடாமல் ஆவியாகும். அந்தத் தாளையும், ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தையும் எந்த பங்க்கிலும் கேட்டுச் சோதிக்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்குப் பலம் இல்லை. பங்க்கின் தொட்டி நிலத்துக்கடியில் இருக்கிறது. அங்கே வெப்பநிலை நாள் முழுதும் அதிகம் மாறுவதில்லை. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் ஊற்றும் திரவம் போன்றவற்றுக்கும் இதே பதில்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் ஒன்றையும் காணவில்லை.

இத்தனையும் செய்த பிறகும் மீதமிருப்பது சுற்று. திருப்பூரின் தொழில் ஒரே கூரைக்குள் நடப்பதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் ஒவ்வொன்றும் வேறு வேறு தெருவில். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் போய் ராயபுரம் திரும்பினால் ஒரே தூரத்தைப் பலமுறை ஓட வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு முறையும் ஆறிப்போன இன்ஜினைக் கிளப்ப வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் கிளம்பும் பல சிறு ஓட்டங்கள், அதே தூரத்தைச் சூடான இன்ஜினில் ஒரே சுற்றாக முடிப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெட்ரோலைக்கூட எடுத்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் இதற்குக் கண்ட தீர்வு, ஆபீஸ் சுவரில் மாட்டிய ஒரு கரும்பலகை. அன்றைய வேலைகள் ஒவ்வொன்றும் ரோடு வாரியாக அதில் எழுதப்படும்: மங்கலம் ரோடு, பல்லடம் ரோடு, பி.என். ரோடு, காங்கயம் ரோடு. ஒரு ரோட்டில் இரண்டு மூன்று வேலை சேர்ந்த பிறகே கார் கிளம்பும். கிளம்பும் முன் போன் போட்டு, "துணி இறங்கிருச்சுங்களா?" என்று கேட்பது கட்டாயம். வேலை முடியவில்லை என்று பதில் வந்தால் அந்த ஓட்டம் அன்றைக்கு இல்லை. கையில் அடங்கும் சாம்பிளுக்கும் சிறு கட்டுக்கும் காரை எடுக்காமல் டி.வி.எஸ். 50 போகும். நோட்டில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண் இதனால் சற்றே உயர்ந்தது; மாதத்தில் வாங்கிய மொத்த லிட்டரோ நன்றாகவே குறைந்தது. கம்பெனிக்கு வேண்டியது இரண்டாவது எண்தான். 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, துணி வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் சாயத்துக்குப் போன மாதங்களில், ஓட்டத்தைச் சேர்த்துப் போடும் இந்தப் பழக்கம் இல்லாத சிறு கம்பெனிகளுக்கு வண்டிச் செலவு கையைக் கடித்தது.

காலப்போக்கில் கார்களும் மாறின. கார்புரேட்டர் போய் எம்.பி.எப்.ஐ. என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது, சோக் குமிழும் ஐடில் ஸ்க்ரூவும் மறைந்தன. கலவையை சென்சார்கள் பார்த்துக்கொள்வதால், பில்டர் சிறிது அடைத்தாலும் இழுவைதான் குறையும், மைலேஜ் முன்போல் இறங்காது. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. பெட்ரோலும் மாறியது: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே உண்டு. அதனால் முன்பு இருந்த 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் ஆற்றல் மூன்று சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. பழைய நோட்டின் எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடுகிறவர் இதையும் கழித்துப் பார்க்க வேண்டும். மாறாதவை டயர் காற்று, எடை, வேகம், கால், சுற்று ஆகியவை.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் சிறிய காரின் மைலேஜ் 15-இலிருந்து 18 ஆனால் மாதத்துக்கு 11 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 13,000 ரூபாய்க்கு மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அதுவும் அந்த அளவுக்குக் குறையும். இதே கார் ஓடும் தூரத்தையும் 1,000-இலிருந்து 800 ஆகக் குறைத்தால் மொத்த மிச்சம் மாதம் 22 லிட்டர். வாரம் ஒருமுறை காலையில் டயர் காற்று, டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு வரி கணக்கு, கிளம்பும் முன் ஒரு பட்டியலும் ஒரு போனும். சிறிய கார் வைத்திருக்கும் எவரும் இந்த மூன்றையும் இந்த வாரமே தொடங்கலாம். இதற்கு ஒரு நோட்டைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை.